நியூஜெர்சி: நெடுஞ்சாலையோர டிஜிட்டல் விளம்பரப் பலகைக்கு வேரியன்ஸ் கேட்கிறார்கள், சோனிங் போர்டில் எதைப் பேசுவது?

கிழக்குவாசல் எழுதியது:

வணக்கம். 287 நெடுஞ்சாலையை ஒட்டிய டவுன்ஷிப் ஒன்றில் எங்கள் தெரு இருக்கிறது. பின்பக்கம் இருக்கும் லைட் இண்டஸ்ட்ரியல் மனையில் டிஜிட்டல் பில்போர்டு வைக்க ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது. அந்த மனையிலிருந்து 200 அடிக்குள் வீடு உள்ளவர்களுக்குச் சட்டப்படி வர வேண்டிய நோட்டீஸ் சர்ட்டிஃபைடு தபாலில் வந்துவிட்டது. ஹியரிங்குக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

விவரம் இதுதான். ஒற்றைக் கம்பம், வி வடிவத்தில் இரண்டு முகம், ஒவ்வொன்றும் 14 அடிக்கு 48 அடி. மொத்த உயரம் 70 அடி. அந்த சோனில் (டவுன்ஷிப் வகுத்த நிலப் பயன்பாட்டுப் பகுதியில்) கட்டட உயர வரம்பு 40 அடி. எங்கள் டவுன்ஷிப் ஆர்டினன்ஸ் (ஊர்ச் சட்டம்) வெளியிட விளம்பரப் பலகைகளை, அதாவது அந்த மனையில் நடக்காத வியாபாரத்துக்கான பலகைகளை, ஊர் முழுக்கவே தடை செய்கிறது. அதனால் யூஸ் வேரியன்ஸ், அதாவது தடைசெய்த பயன்பாட்டுக்கு விதிவிலக்கு அனுமதி, கேட்கிறார்கள். பலகைக்கும் மிக அருகிலுள்ள படுக்கையறை ஜன்னலுக்கும் இடையில் சுமார் 310 அடி.

தெருவில் கையெழுத்து இயக்கம் தொடங்கலாம் என்கிறார்கள். மது விளம்பரம் வரும், வீட்டு விலை இறங்கும் என்றும் பேச்சு. டிஜிட்டல் பலகையைத் தடை செய்யவே முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, போராடிப் பயனில்லை என்கிறார்கள் சிலர். மூன்று கேள்விகள்: போர்டு எதைக் கணக்கில் எடுக்கும்? நீதிமன்றத் தீர்ப்பு பற்றிச் சொல்வது உண்மையா? தடுக்க முடியாமல் போனால் எந்த நிபந்தனைகளைக் கேட்பது?

வரைபடமேசை எழுதியது:

முதலில் கணக்கு. யூஸ் வேரியன்ஸ் என்பது முனிசிபல் லேண்ட் யூஸ் சட்டத்தில் 70(டி) பிரிவு. இதற்குப் பெரும்பான்மை போதாது, ஐந்து பேர் ‘ஆம்’ என்று வாக்களிக்க வேண்டும். முழு போர்டு ஏழு பேர். ஐந்து பேர் மட்டும் வந்திருந்தால் ஐந்து பேருமே ஆதரிக்க வேண்டும். யாராவது வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் விண்ணப்பதாரருக்கு அது ‘இல்லை’ தான். அதனால்தான் ஆள் குறைவாக இருக்கும் இரவில் அவர்களின் வழக்கறிஞர் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கக் கேட்பார். இது சாதாரணமாக நடப்பது, பதற வேண்டாம். ஆனால் தள்ளிவைத்தால் புதிய நோட்டீஸ் வராது. அன்று இரவு கூட்டத்தில் தேதியைச் சொல்லி அறிவிப்பதே போதும் என்று எடுத்துக்கொள்வார்கள். கூட்டத்துக்குப் போகாதவர்களுக்கு அடுத்த தேதி தெரியாமலே போய்விடும்.

மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுக்க அவர்களுடையது. இரண்டு பக்கம் காட்ட வேண்டும். ஒன்று, இந்த இடத்தில் இதை அனுமதிக்க ‘சிறப்புக் காரணம்’ உண்டு, இந்த மனை இதற்கென்றே பொருந்தியது என்பது. இரண்டு, எதிர்மறைப் பக்கம்: பொதுநலனுக்குக் கணிசமான கெடுதல் இல்லை, சோனிங் திட்டத்தின் நோக்கத்தைக் கணிசமாகக் குலைக்கவில்லை என்பது. பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு முதல் பக்கம் தானாகவே நிறைவேறிவிடும். பில்போர்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1987இல் மெடிசி வழக்கில் மாநில உச்சநீதிமன்றம் இன்னொரு சுமையும் வைத்தது. ஊர் வேண்டுமென்றே விலக்கிவைத்த பயன்பாட்டைக் கேட்டால், அந்த விலக்கலோடு உங்கள் விண்ணப்பம் எப்படி ஒத்துப்போகிறது என்பதைக் கூடுதல் தரமான சான்றுகளோடு விளக்க வேண்டும். உங்கள் ஆர்டினன்ஸ் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் வாதத்தின் மையம் இங்கேதான்.

ஆகவே டவுன்ஷிப் கிளார்க்கிடம் போய் மாஸ்டர் பிளானையும் (ஊரின் நீண்டகால நிலப் பயன்பாட்டுத் திட்டம்) கடைசி மறுபரிசீலனை அறிக்கையையும் வாங்குங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறையாவது அந்த மறுபரிசீலனை செய்தாக வேண்டும். அதில் நெடுஞ்சாலை ஓரத் தோற்றம், பலகைகள், லைட் இண்டஸ்ட்ரியல் சோனுக்கும் குடியிருப்புக்கும் இடைப்பட்ட தடுப்பு ஆகியவை பற்றி எழுதிய வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘அசிங்கமாக இருக்கும்’ என்று பத்து பேர் சொல்வதைவிட, ‘மாஸ்டர் பிளானின் இந்தப் பக்கம் இப்படிச் சொல்கிறது, இந்தப் பலகை அதற்கு நேர் எதிர்’ என்று ஒருவர் சொல்வது கனம். மேல்முறையீட்டு நீதிபதி படிப்பது அந்த வரியைத்தான்.

அவர்கள் தரப்பு பிளானர் (நகரத் திட்ட நிபுணர்) சொல்லப்போவது பெரும்பாலும் இவை: மனை நெடுஞ்சாலையை ஒட்டியது, சோன் தொழிற்சாலைக்கானது, ஆம்பர் அலர்ட் (கடத்தப்பட்ட குழந்தையைத் தேடும் அவசர அறிவிப்பு) வந்தால் இலவசமாகக் காட்டுவோம், டவுன்ஷிப் அறிவிப்புகளுக்கும் நேரம் தருவோம். நெடுஞ்சாலை அருகில் இருப்பது மட்டுமே பொருத்தம் என்றால் அந்தச் சாலையோரத்தில் உள்ள எல்லா மனையும் பொருத்தம்தான். இந்த மனைக்கு மட்டும் என்ன தனித்தன்மை என்று குறுக்கு விசாரணையில் கேளுங்கள். வேறு இடமே இல்லை என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, 2013இல் ஹிமெஜி வழக்கில் அதைத் தெளிவாக்கிவிட்டார்கள். அதனால் ‘வேறு இடத்துக்குப் போங்கள்’ என்ற வாதத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஆம்பர் அலர்ட் எந்த இடத்தில் பலகை வைத்தாலும் தரக்கூடிய நன்மை. இந்த மனையிலிருந்து அது பிறக்கவில்லை.

டவுன்ஷிப்புக்குப் பணமோ பூங்காவுக்கு நன்கொடையோ தருவதாக யாராவது ஹியரிங்கில் பேசினால் உடனே ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். விண்ணப்பத்தோடு தொடர்பில்லாத பணம் வாக்கெடுப்பில் கலந்தால் அந்த அனுமதியே செல்லாமல் போகலாம். எட்ஜ்வாட்டர் போர்டு சம்பந்தப்பட்ட 1988ஆம் ஆண்டு நன்சியாட்டோ வழக்கில் அப்படித்தான் ஆனது.

உயரம் பற்றி: வரம்பை 10 அடி அல்லது 10 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அதுவே தனியாக ஒரு ‘டி’ வகை வேரியன்ஸ். உங்கள் நோட்டீஸில் 70 அடி குறிப்பிடப்பட்டிருக்கிறதா பாருங்கள். ‘சைன்’ என்று மட்டும் எழுதி, டிஜிட்டல் என்பதையும் உயரத்தையும் சொல்லாமல் விட்டிருந்தால் நோட்டீஸ் குறைபாடுடையது என்று வாதிடலாம். லேசி டவுன்ஷிப்பில் ஒரு பெரிய கடை வருவதைச் சாதாரண மனைப் பிரிப்பு போல நோட்டீஸில் எழுதியதற்காக, 1996இல் அனுமதியே ரத்தானது. பொதுமகனுக்கு விஷயம் புரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல்.

தூண்பலகை எழுதியது:

நீதிமன்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்டைவீட்டார் சொல்வது பாதி சரி. பாதி சரி என்பதால்தான் ஆபத்து.

அவர்கள் நினைப்பது 2016ஆம் ஆண்டு ஈ அண்ட் ஜே ஈக்விட்டீஸ் வழக்கு. சாமர்செட் கவுன்டியின் ஃபிராங்க்ளின் டவுன்ஷிப், அதே 287 சாலை. அந்த ஊர் ஒரு சோனில் சாதாரணப் பலகைகளை அனுமதித்துவிட்டு டிஜிட்டலை மட்டும் தடுத்தது. போர்டில் நான்கு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. ஐந்து வராததால் விண்ணப்பம் தோற்றது. நிறுவனம் ஆர்டினன்ஸையே எதிர்த்து வழக்குப் போட்டது. மாநில உச்சநீதிமன்றம் தடையை ரத்து செய்தது. காரணத்தைக் கவனியுங்கள்: டிஜிட்டலை எந்த ஊரும் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை. அழகு, போக்குவரத்துப் பாதுகாப்பு என்று இரண்டு சொல்லை எழுதிவிட்டு அதற்கு ஆதாரம் எதுவும் பதிவில் வைக்கவில்லை என்பதுதான் குறை. மூன்று சாதாரணப் பலகையைவிட ஒரு டிஜிட்டல் பலகை எப்படி மோசம் என்று ஊர் விளக்கவே இல்லை.

1988இல் ஸ்டாஃபோர்டு டவுன்ஷிப் வழக்கிலும் இதே கதைதான். ஊர் முழுக்கப் பில்போர்டுக்குத் தடை, பின்னணியில் ஆய்வோ சாட்சியமோ இல்லை, தடை விழுந்தது. உங்கள் ஊர் ஆர்டினன்ஸ் முழுத் தடை என்பதால் உங்களுக்கு நெருக்கமான வழக்கு இதுதான், 2016 தீர்ப்பு அல்ல. இதை உங்கள் பக்கத்து ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூட்டரசு நிலையில் காற்று கொஞ்சம் ஊர்களின் பக்கம் வீசுகிறது. 2015இல் கில்பர்ட் நகர வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து விதி போட்டால் மிகக் கடுமையான சோதனை என்றது. அதன்பிறகு மனைக்குள் நடக்கும் வியாபாரம், மனைக்கு வெளியே உள்ள வியாபாரம் என்று பிரிப்பதும் உள்ளடக்கத்தைப் பார்ப்பதுதானே என்று நிறுவனங்கள் வாதிட்டன. ஆஸ்டின் நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2022 ஏப்ரலில் 6க்கு 3 என்று அந்த வாதம் தோற்றது. இடத்தை வைத்துப் பிரிக்கிறார்கள், கருத்தை வைத்து அல்ல என்றார்கள். எனவே உங்கள் ஆர்டினன்ஸின் அடிப்படைப் பிரிவு நிற்கும். ஆனாலும் நடுத்தரக் கடுமை கொண்ட நீதிமன்றச் சோதனை ஒன்றுக்கு அது உட்பட வேண்டும், அங்கே ஆதாரம் தேவை.

இதிலிருந்து நடைமுறைக்கு வருவது இரண்டு.

மது விளம்பரம், கஞ்சாக் கடை விளம்பரம், அரசியல் விளம்பரம் என்ற பேச்சையே ஹியரிங்கில் எடுக்காதீர்கள். போர்டு உறுப்பினர் ஒருவர் ‘அந்த மாதிரி விளம்பரம் நம் ஊருக்கு வேண்டாம்’ என்று சொல்லி அது ஒலிப்பதிவில் ஏறினால், நிராகரிப்பு உள்ளடக்கத்தின் அடிப்படையில் நடந்தது என்று நிறுவனம் வழக்குப் போடும். உங்கள் வாயாலேயே அவர்களுக்கு ஆயுதம் தந்ததாகிவிடும். இடம், உயரம், வெளிச்சம், தூரம், போக்குவரத்து. இவற்றைத் தாண்டி எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, ஆர்டினன்ஸை இப்போது அவசரமாகத் திருத்தச் சொல்லிக் கவுன்சிலை நெருக்குவதால் இந்த விண்ணப்பத்துக்குப் பயன் குறைவு. 2011 முதல், விண்ணப்பம் தந்த நாளில் இருந்த விதிகள்தான் பொருந்தும். உடல்நலம், பொதுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட திருத்தத்துக்கு மட்டும் விலக்கு. ஆனாலும் அடுத்தவர் வருவதற்குள் தடைக்கான காரணங்களை ஆய்வோடு எழுதி வைக்கும்படி கவுன்சிலைக் கேளுங்கள். ஊர்கள் இதைச் செய்யாமல் விட்டதன் விலைதான் 1988உம் 2016உம்.

கையெழுத்துத் தாள்: தேவையில்லை. பிரமாணம் இல்லாத, குறுக்கு விசாரணை செய்ய முடியாத தாளைப் பெரும்பாலான போர்டு வழக்கறிஞர்கள் பதிவில் ஏற்க மாட்டார்கள். அந்த உழைப்பை, ஆறு பேர் நேரில் வந்து ஆளுக்கொரு விஷயம் பேசுவதற்குத் திருப்புங்கள். வீட்டு விலை பற்றி மதிப்பீட்டாளர் ஒருவர் சாட்சியம் தந்தால் ஒழிய எடுபடாது.

லக்ஸ்மீட்டர் எழுதியது:

வெளிச்சம் பற்றி யாரும் சொல்லாததால் இது. விண்ணப்பத்தில் ‘தொழில்துறை அளவுகோலுக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அந்த அளவுகோல்: சுற்றுப்புற வெளிச்சத்தைவிட 0.3 ஃபுட்-கேண்டிலுக்கு (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அலகு) மேல் கூடக் கூடாது. அளக்கும் தூரம் பலகையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பை (சதுர அடியில்) 100ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். உங்கள் பலகை 14 × 48 = 672 சதுர அடி. 67,200இன் வர்க்கமூலம் சுமார் 259 அடி.

0.3 ஃபுட்-கேண்டில் என்றால் மெட்ரிக் அளவில் 3.2 லக்ஸ். 259 அடியில் அந்த வெளிச்சம் வர, முகம் முழுக்க வெள்ளையாக எரியும்போது அதன் பிரகாசம் சுமார் 320 நிட் (பலகை முகத்தின் பிரகாச அலகு) இருக்க வேண்டும். இரவில் பல நிறுவனங்கள் 300 நிட் என்று சொல்வது இதிலிருந்து வருவதுதான். உங்கள் ஜன்னல் 310 அடியில். தூரத்தின் வர்க்கத்தில் வெளிச்சம் குறையும் என்பதால் அங்கே சுமார் 2.2 லக்ஸ் வரும். முழுநிலவின் வெளிச்சம் கால் லக்ஸ் அளவுதான். ஆக விதிக்கு உட்பட்டே இருந்தாலும் படுக்கையறை ஜன்னலில் நிலவைப் போல எட்டு ஒன்பது மடங்கு விழலாம். ‘அளவுகோலுக்கு உட்பட்டது’ என்பதும் ‘வீட்டுக்குக் கெடுதல் இல்லை’ என்பதும் ஒன்றல்ல என்பதைப் போர்டுக்குக் காட்ட இந்த ஒரு கணக்கு போதும்.

இது பலகையை நேருக்கு நேர் பார்க்கும் ஜன்னலுக்கான மேல்வரம்பு. வி வடிவப் பலகை போக்குவரத்தை நோக்கித் திரும்பியிருக்கும், உங்கள் வீடு பக்கவாட்டில் இருந்தால் குறையும். எவ்வளவு குறையும் என்பது எல்இடி மாட்யூலின் கிடைமட்டப் பார்வைக் கோணத்தைப் பொறுத்தது. தயாரிப்பாளர் தரும் கோண வரைபடத்தையும், மனை எல்லையிலும் அருகிலுள்ள வீடுகளிலும் விழும் லக்ஸ் கணக்கையும் தாக்கல் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அவர்களின் பொறியாளர் கொண்டுவராமல் வந்திருந்தால் ‘கணக்கே போடாமல் கெடுதல் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்’ என்பதே உங்கள் கேள்வி.

அதைவிட உறுத்துவது மாற்றம். 8 விநாடிக்கு ஒரு விளம்பரம் என்பது வழக்கமான குறைந்தபட்சம். கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகத்தின் 2007ஆம் ஆண்டுக் குறிப்பும் 8 விநாடியைத்தான் பரிந்துரைத்தது. 8 விநாடி என்றால் மணிக்கு 450 மாற்றம். இரவு 7 முதல் காலை 6 வரை 4,950. வெள்ளைப் பின்னணி விளம்பரத்துக்கு அடுத்து கறுப்புப் பின்னணி வந்தால் அறைச் சுவரில் வெளிச்சம் துடிக்கும். சராசரி லக்ஸ் எண்ணில் இது தெரியாது. போர்டு உறுப்பினர்கள் வெளிச்ச அளவை மட்டும் கேட்டுவிட்டு மாற்றத்தைக் கேட்காமல் விடுவது வழக்கம், நீங்கள் கேளுங்கள்.

போக்குவரத்து: மணிக்கு 65 மைல் வேகத்தில் கார் விநாடிக்கு 95 அடி போகும். 8 விநாடியில் சுமார் 760 அடி. பலகை 1,500 அடி தூரத்திலிருந்து தெரிந்தால் ஒவ்வொரு ஓட்டுநரும் ஒரு மாற்றத்தையாவது பார்ப்பார். அவர்களின் நிபுணர் 2013 டிசம்பரில் வந்த கூட்டரசு ஆய்வை நிச்சயம் மேற்கோள் காட்டுவார். ரீடிங், ரிச்மண்ட் என்ற இரு நகரங்களில் கண்ணசைவை அளந்தார்கள். டிஜிட்டல் பலகையில் பார்வை சராசரியாக 379 மில்லிவிநாடி, சாதாரணப் பலகையில் 335. இரண்டும் ஆபத்து எல்லைக்குக் கீழே என்பது முடிவு. இந்த ஆய்வைப் பொய் என்று சொல்ல முயலாதீர்கள். அதில் பார்த்த சாலைகளும் உங்கள் இடமும் ஒன்றா என்று கேளுங்கள். பலகை தெரியும் அந்த 1,500 அடிக்குள் எக்ஸிட் இருக்கிறதா, இரண்டு லேன் ஒன்றாகிறதா, நெடுஞ்சாலைத் துறையின் பச்சைப் பலகை இருக்கிறதா? விபத்துப் பதிவுகளை ஓப்ரா எனப்படும் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், பதில் தர ஏழு வேலைநாள். மூன்று வாரத்தில் நேரம் இருக்கிறது, இன்றே எழுதுங்கள்.

நிபந்தனை கேட்பதென்றால் என் பட்டியல்: இரவில் முழுவெள்ளையில் 150 நிட் உச்சவரம்பு (உங்கள் 310 அடியில் ஒரு லக்ஸ் அளவுக்கு வரும்), ஒளியுணரி வழியாகத் தானாக மங்குதல், அது பழுதானால் பலகை கறுப்பாகிவிட வேண்டும், இரவு 11 முதல் காலை 6 வரை அணைப்பு, அசைவுப் படமோ மங்கி மாறும் மாற்றமோ கூடாது, திறந்த ஒரு மாதத்துக்குள்ளும் பிறகு ஆண்டுதோறும் வெளியாள் ஒருவர் மீட்டர் வைத்து அளந்து டவுன்ஷிப்புக்கு அறிக்கை. அளக்கும்போது பலகையைக் கறுப்பாக்கி ஒன்று, முழுவெள்ளையில் ஒன்று, இரண்டின் வித்தியாசம்தான் கணக்கு. இதை எழுதி வைக்காவிட்டால் ஏதோ ஓர் இருண்ட விளம்பரம் ஓடும்போது அளந்துவிட்டுச் சரி என்பார்கள்.

தூண்பலகை எழுதியது:

லக்ஸ்மீட்டர் பட்டியல் நல்லது. ஆனால் அதை ஹியரிங்கின் தொடக்கத்திலேயே கொடுப்பதை ஏற்க மாட்டேன். எதிர்ப்பாளர்களே நிபந்தனை பேசுகிறார்கள் என்றால், ‘அவர்களுக்கும் சம்மதம்தான், விவரங்கள்தான் பாக்கி’ என்று தயங்கும் இரண்டு உறுப்பினர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஐந்து வாக்கு தேவைப்படும் இடத்தில் அந்த இரண்டு பேர்தான் எல்லாம்.

லக்ஸ்மீட்டர் எழுதியது:

ஆனால் வாக்கெடுப்புக்கு முன் பதிவில் இல்லாத நிபந்தனை தீர்மானத்தில் வராது. அனுமதி கிடைத்த பிறகு யாரிடம் போய் 150 நிட் கேட்பது? நிராகரிப்பு உறுதி என்று நம்பி நிபந்தனை கேட்காமல் விட்ட தெருக்கள்தான் கடைசியில் இரவு முழுக்க எரியும் பலகையோடு இருக்கின்றன.

வரைபடமேசை எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் பொருந்தும், வரிசைதான் கேள்வி. ஒவ்வொரு சாட்சியும் பேசி முடித்ததும் பொதுமக்கள் கேள்வி மட்டும் கேட்கும் நேரம் வரும். அங்கே வெளிச்சக் கணக்கைக் கேள்வியாக வையுங்கள்: ‘310 அடியில் எத்தனை லக்ஸ்? கணக்குப் போட்டீர்களா? 150 நிட்டில் ஓட்ட முடியுமா, முடியாதென்றால் ஏன்?’ பதில் ஒலிப்பதிவில் ஏறிவிடும். எல்லாச் சாட்சிகளும் முடிந்த பிறகு பிரமாணம் எடுத்துக் கருத்துச் சொல்லும் நேரம் தனியாக வரும். அங்கே முதலில் எதிர்ப்பும் காரணங்களும், கடைசி இரண்டு நிமிடத்தில் ‘நிராகரிக்கவே கோருகிறோம். போர்டு வேறு முடிவெடுத்தால் இவை இல்லாமல் எதிர்மறைப் பக்கம் நிறைவேறாது’ என்று சொல்லி எழுத்துப் பிரதியை எக்ஸிபிட்டாக (சான்று ஆவணமாக) கொடுங்கள். எண் போடச் சொல்லுங்கள், எண் இல்லாத தாள் பதிவில் இல்லை.

கேள்வி நேரத்தில் கருத்துச் சொல்லத் தொடங்குவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. தலைவர் நிறுத்துவார், கோபம் வரும், நல்ல கேள்வி கேட்க வேண்டிய நேரம் போய்விடும்.

மேலும் சில சிறு விஷயங்கள். விண்ணப்ப வரைபடங்கள் ஹியரிங்குக்கு 10 நாள் முன்பே டவுன்ஷிப் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும், போய்ப் பார்த்து நகல் எடுங்கள். போட்டோ சிமுலேஷன் இருந்தால் எந்த இடத்திலிருந்து, எந்த மாதத்தில் எடுத்தது என்று பாருங்கள். இலையடர்ந்த ஜூனில் எடுத்த படம் மரங்களால் பலகையை மறைக்கும், டிசம்பரில் அதே இடத்தில் கம்பம் முதல் முகம் வரை தெரியும். கிரேனை 70 அடிக்கு உயர்த்திக் காட்டச் சொல்லிப் போர்டிடம் கேட்கலாம், சில போர்டுகள் சம்மதிக்கும்.

வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பெயரில் பேசப் போவதாக இருந்தால், அது பதிவுசெய்த கார்ப்பரேஷன் என்றால் வழக்கறிஞர் வேண்டும். தனிநபராக நீங்கள் உங்களுக்காகப் பேசலாம். போர்டு உறுப்பினர் யாரையும் தனியாகச் சந்தித்தோ வாட்ஸ்ஆப்பிலோ இதைப் பேசக் கூடாது. கோயிலில் பார்த்தாலும் கூடாது. பேசினால் அவர் விலக வேண்டி வரும், நீங்கள் இழப்பது உங்கள் பக்கம் வந்திருக்கக்கூடிய ஒரு வாக்கை.

கிழக்குவாசல் எழுதியது:

மிக்க நன்றி. நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். ‘எலெக்ட்ரானிக் சைன்’ என்று இருக்கிறது, உயரம் இல்லை, உயரத்துக்குத் தனி வேரியன்ஸ் கேட்டதாகவும் இல்லை. இதை முதல் நாளே சொன்னால் அவர்கள் புதிதாக நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஒரு மாதம் கழித்து வருவார்கள், அவ்வளவுதானே? மேல்முறையீட்டுக்கு வைத்துக்கொள்ளலாமா? இன்னொரு கேள்வி: மாநில நெடுஞ்சாலைத் துறை பெர்மிட் தனியாக வேண்டுமாமே, அங்கே தடுக்க வழி உண்டா?

தூண்பலகை எழுதியது:

வைத்துக்கொள்ளாதீர்கள். நோட்டீஸ் குறைபாடு போர்டின் அதிகாரத்தையே பாதிப்பது என்பது சரி, பிறகும் எழுப்பலாம் என்பதும் சரி. ஆனால் நீங்கள் நேரில் வந்து எல்லாம் தெரிந்தே பேசிவிட்டு, தோற்ற பிறகு ‘உயரம் தெரியாது’ என்றால் நீதிபதிக்கு அது உவப்பாக இருக்காது. ஹியரிங்குக்கு முன்பே போர்டு செயலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். கிடைக்கும் ஒரு மாதம் உங்களுக்கும்தான். ஒரு பிளானரை அமர்த்தவும் விபத்துப் பதிவுகள் வரவும் அது உதவும். எதிர்ப்பாளர் தரப்பில் உரிமம் பெற்ற பிளானர் ஒருவர் அரைமணி நேரம் சாட்சியம் சொன்னால், அவர்கள் நிபுணரின் சொல் மட்டுமே பதிவில் இருக்கும் நிலை மாறும். தெருவில் பணம் திரட்டுவதென்றால் வழக்கறிஞருக்கு முன் பிளானருக்குச் செலவிடுங்கள்.

மாநில பெர்மிட் தனிதான். 1965ஆம் ஆண்டு கூட்டரசு நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டப்படி இன்டர்ஸ்டேட் சாலை எல்லையிலிருந்து 660 அடிக்குள் உள்ள பலகைகளை மாநிலம் கட்டுப்படுத்தியாக வேண்டும், தவறினால் நெடுஞ்சாலை நிதியில் 10 சதவீதம் வரை போகும். அந்த 660 அடிக்குள் வணிக அல்லது தொழில் சோனில் மட்டுமே வெளியிட விளம்பரப் பலகை வரலாம். உங்கள் மனை ஏற்கெனவே தொழில் சோன் என்பதால் அந்தக் கதவு அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. குடியிருப்பு மனையைப் பலகைக்காகவே வணிக சோனாக மாற்றியிருந்தால் கூட்டரசு விதி அதை அங்கீகரிக்காது, உங்கள் நிலைமை அதுவல்ல. மாநில அலுவலகம் பார்ப்பது இடைவெளி, அளவு, மாற்ற நேரம். உங்கள் படுக்கையறையை அது பார்க்காது. சக்தியை டவுன்ஷிப் போர்டிலேயே செலவிடுங்கள்.

வரைபடமேசை எழுதியது:

ஹியரிங்குக்குப் பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வாக்கெடுப்பு இரவில் தோற்றாலும் வென்றாலும் அதுவே கடைசி அல்ல. காரணங்களோடு எழுத்துத் தீர்மானம் 45 நாளுக்குள் நிறைவேற வேண்டும். நிராகரிப்பு என்றால் அந்தத் தீர்மானத்தைத் தயாரிக்கும் போர்டு வழக்கறிஞர் மாஸ்டர் பிளான் வரிகளையும் வெளிச்சக் கணக்கையும் சேர்க்கிறாரா என்று, நிறைவேறும் கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். ‘ஊருக்குப் பொருத்தமில்லை’ என்று இரண்டு வரியில் எழுதிய நிராகரிப்பு நீதிமன்றத்தில் நிற்காது.

நீதிமன்றம் போக 45 நாள். அது வாக்கெடுப்பு நாளிலிருந்து அல்ல, முடிவின் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து. விண்ணப்பதாரரே அறிவிப்பை வெளியிடலாம், உடனே வெளியிடவும் செய்வார், காலக்கெடு அப்போதே ஓடத் தொடங்கும். உங்களுக்குத் தனியாக யாரும் கடிதம் அனுப்ப மாட்டார்கள்.

நிராகரித்த பின்னும் கவுன்சில் நிகழ்ச்சி நிரலைக் கவனித்துக்கொண்டிருங்கள். போர்டில் ஐந்து வாக்கு கிடைக்காத நிறுவனங்கள் அடுத்து ஆர்டினன்ஸ் திருத்தமாகவோ மறுமேம்பாட்டுத் திட்டத்தின் உள்ளே ஒரு பத்தியாகவோ அதே பலகையைக் கொண்டுவருகின்றன. சோன் திருத்தமாக வந்தால் உங்களிடம் வலுவான கருவி ஒன்று உண்டு. மாற்றம் கோரும் பகுதியிலோ அதைச் சுற்றி 200 அடிக்குள்ளோ உள்ள நிலப்பரப்பில் 20 சதவீத உரிமையாளர்கள் கையெழுத்திட்ட எதிர்ப்பைக் கிளார்க்கிடம் கொடுத்தால், கவுன்சிலின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இப்போது தெருவில் தொடங்கவிருக்கும் கையெழுத்து வேலையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு நிலப்பரப்பில், தலைக்கணக்கில் அல்ல. அதனால் பெரிய மனைக்காரர்கள் யார் என்று வரி வரைபடத்தைப் பார்த்து இப்போதே குறித்து வையுங்கள். கூட்டுப் பெயரில் உள்ள வீடுகளுக்குக் கணவன் மனைவி இருவரின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள், ஒருவர் கையெழுத்து மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த மனையைக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்வார்.